நல்லதை முதலில் எழுதியவர்கள்

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். சத்தம் போட்டுச் சொல்கிற கதை இல்லை இது. நடுவில் ஒரு இடத்தில் குரல் இறங்கிப் போகும். தள்ளி உட்கார்ந்திருந்தால் காதில் விழாது. சிரிக்கவும் கொஞ்சம் இடம் வைத்திருக்கிறேன், பயப்பட வேண்டாம். ஆனால் சிரித்து முடித்ததும் எழுந்து போய்விடக் கூடாது. கடைசி வரை இருப்பீர்கள் என்றால் சொல்கிறேன்.

ஒரு அம்மாவும் ஒரு பெண்ணும். அப்பா சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரர். வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். வந்தால் வாசலிலேயே நின்று, "இது நம்ம வீடுதானா, இல்ல பக்கத்து வீடா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். பெண்ணை எல்லோரும் குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒட்டடைக்குச்சி என்ற பட்டப்பேரில் பாதி. பதினைந்து வயதுக்குள் அம்மாவை ஒரு தலை தாண்டி வளர்ந்துவிட்டாள். சனி, ஞாயிறுகளில் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்தாள்.

அம்மாவுக்கு வேலை, ஓட்டல்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில். அங்கே தேய்ப்பு உருளையிலிருந்து கட்டில் விரிப்புகள் சூடாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நாலு மூலையையும் பிடித்து ஒரு உதறு உதறி, நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்து, ஒருத்தி கையிலிருந்து மற்றவள் கைக்கு மாற்றி மடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. அம்மாவுக்கு எதிரே நின்று மடிப்பவளை ஜோடிக்காரி என்பார்கள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

குச்சிக்குப் பதின்மூன்று வயதில் உடம்பு சரியில்லாமல் போனது. உடம்பு என்று சொல்கிறேன், தலைக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுவருக்குள்ளிருந்து ஒரு ஆள் பேச ஆரம்பித்தான். அவள் செய்கிற தப்புகளை எண்ணிக்கொண்டே இருப்பான். அதனால் அவள் அவனுக்கு வாத்தியார் என்று பேர் வைத்தாள். வாத்தியார் எண்ணுவதோடு நிற்கவில்லை. உன் அம்மா சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று சொன்னான். பிள்ளை இருபது நாள் பழத்தை மட்டும், அதுவும் தன் கையால் உரித்துச் சாப்பிட்டு உயிரோடு இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு மனநலப் பிரிவு இருந்தது. ஐந்து வருடம் அங்கே போனார்கள். மாத்திரை கொடுத்தார்கள், வாரம் ஒரு தடவை உட்கார வைத்துப் பேசினார்கள். அங்கே எல்லாமே சின்னது. நாற்காலி சின்னது, மேஜை சின்னது, கை கழுவும் தொட்டி முட்டி உயரத்தில். குச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கும். "இன்னும் ஒரு வருஷம் இங்க வந்தா நீ நாற்காலியை மாட்டிக்கிட்டே வீட்டுக்குப் போவே" என்பார் நர்ஸ் அக்கா. அந்தப் பிரிவில் குச்சியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். குண்டான, நிதானமான மனுஷி. வாத்தியார் எண்ண ஆரம்பித்தால் அவரை மேலேயிருந்து கீழே தலைகீழாக எண்ணச் சொல்லு என்று பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்தவர்.

அந்தப் பிரிவில் ஒரு பழக்கம் இருந்தது. எந்தத் தாள் எழுதினாலும் நல்லதை முதலில் எழுத வேண்டும். முதல் பக்கத்தில் பிள்ளையால் முடிந்தவை. அதைப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பச்சைப் பேனாவால் எழுதுவார்கள். முடியாததும் கெட்டதும் கடைசிப் பக்கம். பிள்ளை தன் தாளைத் தானே படிக்கும், படிக்கும்போது மனசு உடையக் கூடாது என்பதற்காக வந்த பழக்கம். நல்ல பழக்கம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் குச்சிக்குப் பதினெட்டு வயது ஆகப்போகிறது. பதினெட்டு ஆகிவிட்டால் அங்கே அவளைப் பார்க்க மாட்டார்கள். பெரியவர்கள் பிரிவு எதிர்க் கட்டடத்தில். அங்கே ஒரு டாக்டர் அவளை ஏற்றுக்கொண்டு மாத்திரை எழுத வேண்டும். தெருமுனை டாக்டர் அந்த மாத்திரையை எழுதக் கூடாது, சட்டம் அப்படி. மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று அம்மாவுக்குத் தெரியும். ஒரு தடவை நாலு நாள் நின்றதற்கே சாப்பாட்டுத் தட்டு சுவரில் போய் மோதியிருக்கிறது. ஆக, அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: கையில் இருக்கும் மாத்திரை தீருவதற்குள் எதிர்க் கட்டடத்தில் பிள்ளைக்கு ஒரு டாக்டர்.

நர்ஸ் அக்கா எதிர்க் கட்டடத்துக்குக் கடிதம் எழுதினார். குச்சி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினார்.

"கடையில வேலை செய்யறேன்னு போடுங்க. சிநேகிதி ரெண்டு பேர்னு போடுங்க."

"ரெண்டா? போன மாசம் ஒண்ணுதானே இருந்தது?"

"இன்னொண்ணு இப்பதான் வந்தது. இன்னும் வாரண்டி முடியல."

அவரும் சிரித்துக்கொண்டே எழுதினார். தானே மாத்திரை எடுத்துக்கொள்கிறாள். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரியில் படுக்கவில்லை. சிரிக்க வைப்பாள். பச்சைப் பேனாவில் ஒரு பக்கம் நிறைந்தது. வாத்தியார் இன்னும் வாரத்தில் மூன்று நாள் பேசுகிறான், மாத்திரை நின்றால் பிள்ளை விழுந்துவிடுவாள் என்பது ஐந்தாவது பக்கத்தில் இருந்தது.

கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். நர்ஸ் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். இரண்டு மாத மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

ஐந்து வாரம் கழித்து எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலே வரி. நோயாளியின் நிலை திருப்தியாக இருப்பதால் இப்பிரிவின் சேவை தற்போது தேவையில்லை, வீட்டருகே உள்ள மருத்துவரை அணுகவும்.

அம்மா அதைச் சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போய் ஜோடிக்காரியிடம் காட்டினாள். அவள் விரிப்பைக் கையில் பிடித்தபடியே தலையை நீட்டிப் படித்தாள்.

"திருப்தியாமா? யாருக்குக்கா திருப்தி?"

"அந்த லெட்டரைப் படிச்சிட்டு சொல்றாங்க."

"லெட்டர்ல என்ன எழுதியிருந்தாங்க?"

அம்மா சொன்னாள். ஜோடிக்காரி விரிப்பை உதறுவதை நிறுத்திவிட்டாள். "அக்கா, அது ஆஸ்பத்திரி லெட்டரா, கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்க எழுதின லெட்டரா? இவ்வளவு நல்ல பொண்ணை யாருக்கா ஆஸ்பத்திரியில சேர்த்துப்பாங்க? நான் கூட என் தம்பிக்குக் கேட்கலாம்னு இருக்கேன்."

மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கத்தினார். இருவரும் மறுபடி மடித்தார்கள். அன்றைக்கு அம்மா மடித்த விரிப்புகளில் மூலை சேரவில்லை.

மறுநாளே அவள் நர்ஸ் அக்காவிடம் ஓடினாள். நர்ஸ் அக்கா கடிதத்தைப் படித்துவிட்டுச் சின்ன நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க் கட்டடத்துக்கு மாதம் நானூறு ஃபைல் வருகிறதாம். யாருக்கு ஆபத்து அதிகம் என்று தரம் பிரிக்க ஒரே ஒரு ஆள். அவர் முதல் பக்கத்தை மட்டும்தான் புரட்டுவார்.

"பெருமையா எழுதிட்டேம்மா" என்றார் நர்ஸ் அக்கா. "அஞ்சு வருஷம். என் பிள்ளை மாதிரி. பெருமையா எழுதிட்டேன்."

"நீங்களே மாத்திரை எழுதி வாங்கித் தர முடியாதா சிஸ்டர்? ஒரு மாசத்துக்கு?"

"கம்ப்யூட்டர்ல அவ பேரைப் போட்டா பிறந்த தேதியைப் பார்த்துட்டு வெளிய தள்ளுது. நேத்து கூட போட்டுப் பார்த்தேன்."

இன்னொரு கடிதம் எழுதினார். இந்தத் தடவை கெட்டதை முதலில் எழுதினார்.  அதைப் பார்த்துவிட்டு எதிர்க் கட்டடம் ஒரு நேர்காணலுக்குத் தேதி கொடுத்தது. ஐந்து வாரம் கழித்து. வீட்டில் மூன்று வார மாத்திரைதான் இருந்தது.

அம்மா என்ன செய்தாள் தெரியுமா? காய் வெட்டும் கத்தியால் ஒவ்வொரு மாத்திரையையும் பாதியாக வெட்டினாள். பலகையில் உதிர்ந்த தூளையும் விரலால் ஒற்றி எடுத்து வைத்தாள். வேறு என்ன செய்ய முடியும் சொல்லுங்கள்.  பாதி மாத்திரை ஆரம்பித்த இரண்டாவது வாரத்தில் குச்சி சுவரிலிருந்து கட்டிலை இழுத்து அறை நடுவில் போட்டுக்கொண்டாள்.

நேர்காணல் நாள் வந்தது. எதிர்க் கட்டடத்தில் நாற்காலிகள் பெரியவை, தரையோடு சேர்த்து ஆணி அடித்தவை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கவுண்ட்டர்காரர். அம்மா பிள்ளையோடு எழுந்தபோது அவர் கையைக் காட்டினார்.

"நீங்க உக்காருங்க. அவங்க மட்டும் போகட்டும்."

"நான் அவ அம்மாங்க."

"தெரியுது. அவங்க இப்ப பெரியவங்க. அவங்க சம்மதம் இல்லாம நான் உங்களுக்கு டைம் என்னன்னுகூட சொல்லக் கூடாது."

"அவகிட்ட கேளுங்க, சம்மதிப்பா."

குச்சி திரும்பிப் பார்த்தாள். "வேணாம்மா. நானே சொல்லிக்கறேன். நீ வந்தா அழுவே."

அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது, ஆனால் சிரித்தாள். "எல்லாத்துக்கும் நல்லா பதில் சொன்னேம்மா. ஒண்ணுகூட தடுமாறல."

அம்மா அவளை ஓரமாக இழுத்தாள். "என்னடி கேட்டாங்க?"

"முதல்ல உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னார். கடை, சிநேகிதி, எல்லாம் சொன்னேன். அப்புறம் குரல் கேக்குதான்னார். சமாளிக்கறேன்னு சொன்னேன். தூங்கறீங்களான்னார். தூங்கறேன்னேன். யாருக்காவது உங்களால ஆபத்து உண்டான்னார்." அதைச் சொல்லும்போது குச்சிக்கே சிரிப்பு வந்தது. "நானா? நான் கரப்பான் பூச்சியைக்கூட பேப்பர்ல ஏந்தி வெளிய விடற ஆள்னு சொன்னேன். அவர் சிரிச்சிட்டார்மா."

ஐந்து வருடமாக நல்லதை முதலில் சொல் என்று சொல்லி வளர்த்த பிள்ளை. அந்த அறையிலும் அதைத்தான் செய்தாள். பரீட்சையில் பாஸ் ஆகிவிட்டேன் என்றே நினைத்தாள். அம்மா அவளை அங்கேயே நிறுத்தி அறையலாமா, கட்டிக்கொள்ளலாமா என்று தெரியாமல், "பசிக்குதா?" என்று மட்டும் கேட்டாள்.

பதில் எட்டு நாளில் வந்தது. அதே நாலு வரி.

பாதி மாத்திரைகளும் தீர்ந்தன. குச்சி கடைக்குப் போவதை நிறுத்தினாள். குளிப்பதை நிறுத்தினாள். அம்மா தினம் வேலைக்குப் போகும் முன் எதிர்க் கட்டடத்துக்குப் போன் செய்தாள். தினமும் ஒரே பெண் குரல், ஆபத்து ஏற்பட்டால் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றது. எது ஆபத்து என்று கேட்டால் அதே வாக்கியத்தை மறுபடி சொன்னது.

இப்போது குரல் இறங்குகிறது, இன்னும் கிட்டே வாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். அம்மா தட்டில் சாப்பாடு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். குச்சி சமையலறை வாசலில் நின்றாள், அந்த உயரத்தில் வாசலே நிறைந்தது.

"நீ முதல்ல சாப்பிடு."

அம்மா ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

"அந்தப் பக்கத்துல இருந்து."

அந்தப் பக்கத்திலிருந்தும் சாப்பிட்டாள். குச்சி சுவர்ப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நீ பழகிட்டியாம். கொஞ்சம் கொஞ்சமா தின்னு உனக்குப் பழகிடுச்சாம். எனக்குத்தான் ஒத்துக்காதாம்." வெறுங்காலோடு தெருக்கதவுக்கு நடந்தாள். நான் போறேன், என்னை இங்கே வைத்துக் கொல்லப் பார்க்கிறாய் என்றாள். வாசலுக்கு வெளியே பஸ் போகிற சாலை. அம்மா ஓடிப்போய்க் கதவுக்கும் நிலைக்கும் நடுவில் கையைக் கொடுத்து மறித்தாள். குச்சி வெளியே இறங்கி, அம்மா பின்னால் வராதபடி தன் பலத்தையெல்லாம் சேர்த்துக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

மணிக்கட்டு உடைந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் அவள் நின்றாள். நின்று அம்மாவின் கையைப் பார்த்து, "வாத்தியார் இதையும் எண்ணிட்டார்" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா இடது கையால் ஜோடிக்காரிக்குப் போன் செய்தாள். அவள் ஒரு வாடகைக் காரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் அவசரப் பிரிவுக்குப் போனார்கள். 

எலும்பு டாக்டர் கையைப் பார்த்தார். "எப்படி ஆச்சு?"

"வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் அம்மா. எந்தத் தாய்க்கும் வாயில் முதலில் வருவது அதுதானே. கட்டுப் போட்டார்கள். குச்சிக்காக ஜோடிக்காரி கேட்டுக்கொண்டதும் எதிர்க் கட்டடத்திலிருந்து ஒரு பெண் டாக்டர் இறங்கி வந்தார். களைத்த முகம், கையில் ஒரு ஃபைல். திரைச்சீலைக்குள் நாலு பேர். குச்சி ஓரத்து நாற்காலியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். டாக்டர் கேட்டதற்கெல்லாம், "நல்லா இருக்கேன்" என்றாள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். "ரெண்டு தடவை பார்த்திருக்காங்க. ரெண்டு தடவையும் தேவையில்லைன்னு இருக்கு. இன்னிக்கு ஒரே ஒரு கட்டில்தான் இருக்கு, அதுக்கு மூணு பேர் காத்திருக்காங்க. நான் ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லுங்க. இவங்களால யாருக்காவது ஆபத்து வந்திருக்கா?"

"இல்லைங்க" என்றாள் அம்மா.

ஃபைல் மூடியது. "அப்போ நாளைக்குப் போன் பண்ணுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

ஜோடிக்காரி அம்மாவின் நல்ல கையைப் பிடித்து நசுக்கினாள். "அக்கா. சொல்லு."

"சும்மா இருடி."

"சொல்லப் போறியா, இல்ல மறுபடி லெட்டர் வரட்டும்னு வாசல்ல நிக்கப் போறியா? நான் சொன்னா கூட வேலை செய்யறவ வம்பும்பாங்க. நீதான் சொல்லணும்."

டாக்டர் திரைச்சீலையை விலக்கிவிட்டார். அம்மா பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை தலையை நிமிர்த்தி அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், சொல்லாதே என்று. வாய் திறக்காமலே, அப்படி ஒரு பார்வை.

"நான் விழலைங்க" என்றாள் அம்மா. "என் பொண்ணுதான் என் கையை உடைச்சா."

டாக்டர் திரும்பினார்.

"நான் அவ சாப்பாட்டுல விஷம் வைக்கறேன்னு நினைக்கறா. கதவை என் கை மேல சாத்தினா. இன்னிக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனா நாளைக்கு என்ன பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. எனக்கு அவகிட்ட பயமா இருக்கு."

கடைசி வாக்கியம் உண்மையா என்று நீங்கள் கேட்பீர்கள். பாதி உண்மை. அவளுக்குப் பிள்ளையைப் பற்றித்தான் பயம். ஆனால் எந்தச் சொல்லுக்கு அந்தக் கதவு திறக்கும் என்று அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. குச்சி ஒரு சின்னச் சத்தம் எழுப்பினாள். நாய்க்குட்டி மிதிபட்டால் வருமே, அப்படி.

டாக்டர் நின்றபடியே ஃபைலைத் திறந்து முதல் பக்கத்தில் முதல் வரியாக எழுதினார். மாலைக்குள் கட்டில் கிடைத்தது. பூட்டிய வார்டு. குச்சியைத் தவிர அங்கே எல்லோரும் நாற்பது, ஐம்பது வயதுப் பெண்கள்.

வார்டில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் பார்வையாளர்களை விடுவார்கள். முதல் ஞாயிறு அம்மா போனாள். உள்ளே போன ஊழியர் திரும்பி வந்து, "பார்க்க விருப்பம் இல்லையாம்" என்றார். பெரியவள் ஆகிவிட்டாள் அல்லவா, அந்த உரிமை அவளுக்கு உண்டு. அம்மா இரண்டு மணி நேரமும் கூடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இரண்டாவது ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவதும், நாலாவதும். கப்பலிலிருந்து அப்பா போன் செய்தால், "பேசினாளா?" என்பார். "அடுத்த வாரம்" என்பாள். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்துவிட்டது. விரிப்பு மடிக்க ஆகவில்லை. தலையணை உறை எண்ணும் மேஜைக்கு மாற்றினார்கள். ஜோடிக்காரிக்கு எதிரே வேறொருத்தி வந்தாள். "இவ ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா அக்கா, நான் உருளையோடதான் பேசிக்கிட்டிருக்கேன்" என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து புலம்புவாள்.

ஏழாவது ஞாயிறு குச்சி வந்தாள்.

மாத்திரையில் முகம் உப்பியிருந்தது. நடை மெதுவாகியிருந்தது. ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டே இல்ல?"

"சொன்னேன்."

"என்னை வச்சுக்கிட்டே."

"ஆமாண்டி."

"இங்க யார் வந்தாலும் முதல்ல அதைத்தான் படிக்கறாங்க. படிச்சிட்டு என் கையைப் பார்க்கறாங்க. எனக்கு மட்டும் ஸ்பூனை எண்ணித் தராங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நான் அப்படிப்பட்டவ இல்லைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொன்னே."

 சொல்லாவிட்டால் கட்டில் கிடைத்திருக்காது, அது இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்து மேஜையில் ஒரு வயதான அம்மாள் தன் மகனிடம், நீ யார், நீ யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் ஒவ்வொரு தடவையும் பொறுமையாகச் சொன்னான்.

"கடையில என் வேலை?"

"வேற ஆள் எடுத்துட்டாங்க."

குச்சி தலையாட்டினாள். அழவில்லை. நகத்தைக் கிள்ளிக்கொண்டே, "ஒரு டாக்டர் வந்தாங்க" என்றாள். "அன்னிக்கு வந்தவங்க இல்ல, வேற. வெளிய போன பிறகும் அவங்கதான் பார்ப்பாங்களாம். என் பேர் போட்டு தேதி குடுத்திருக்காங்க."

"நல்லதும்மா."

"நல்லதுன்னு சொல்லாதே."

"சரி."

மணி அடித்தது. குச்சி எழுந்தாள். எழுந்ததும் அம்மாவின் கை மேல் அவள் கண் போனது, உடனே ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "அடுத்த ஞாயிறு வராதே."

"சரி."

இரண்டடி நடந்து நின்றாள். திரும்பவில்லை.

"அதுக்கு அடுத்த வாரம் வா."

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. அம்மா அதற்கு அடுத்த வாரம் போனாளா என்று கேட்கவும் வேண்டுமா.

எழுந்து போகும் முன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் தட்டில் போட்ட சாப்பாட்டை எல்லோரும் பயமில்லாமல் சாப்பிடட்டும். உங்கள் பிள்ளைகள் ஒரு வாசலை விட்டு இறங்கும் நாளில் அடுத்த வாசலில் அவர்கள் பேர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதவுகளில் யார் கையும் நசுங்காமல் இருக்கட்டும். நல்லா இருங்கள், எல்லோரும் நல்லா இருங்கள்.